பக்கத்து வீட்டுப் பய ஜப்பானுக்குப் போறான்

நல்ல பையனான்னு என்கிட்டயா கேக்கீக ஏட்டையா? ஊர்ல வேற ஆளே அம்புடலையா உங்களுக்கு? முன்சீப்பு கையக் காட்டி விட்டாராக்கும். வேண்டாதவன்கிட்ட கேட்டாத்தான் நெசம் வரும்னு சொல்லியிருப்பாரே. அவரு மூளை அப்படித்தான் போகும். சரி, உக்காருங்க. அந்தக் கட்டில் வேண்டாம், கயிறு இத்துக் கெடக்கு, உடுப்போட உள்ள போயிருவீக. இந்தா, இந்த மரப்பெட்டி மேல உக்காருங்க. சைக்கிளை நெளல்ல விட்டீகளா? புதுப்பட்டி வெயிலுக்கு டயரு வெடிச்சிரும். மோர் குடிக்கீகளா? நானே கடைஞ்சதுதான், இங்கன பொம்பளை கெடையாது. சும்மா குடிங்க. நான் ஒண்ணையும் கலந்து குடுத்துற மாட்டேன். கலக்குற தொளிலெல்லாம் சுவத்துக்கு அங்கிட்டு.

ஆமா, பக்கத்து வீடுதான். முன்ன ஒரே வீடு, இப்ப நடுவுல சுவரு. அங்கன இருக்குறது என் கூடப் பொறந்த தம்பி பெத்தணன். பட்டாசுக் கம்பெனி முதலாளி. நான் மொக்கைச்சாமி, அவனுக்கு அண்ணன், கம்பும் பருத்தியும் போட்டுட்டு வானத்தைப் பாக்குற சம்சாரி. வெள்ளைக்காரன் போறதுக்கு முந்துன வருசத்துலருந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. நீங்க விசாரிக்க வந்திருக்கீகளே சுந்தரபாண்டி, அவன் அந்த வீட்டுப் பய. என்னைப் பெரியப்பான்னு கூப்புடுவான். எளுதிக்கிட்டீகளா? எளுதுங்க, எளுதுங்க.

என்னங்கீக? நான் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா அவனுக்குப் பாஸ்போர்ட்டு கெடைக்காதா? ஒத்தை வார்த்தையிலயா? அடேயப்பா! இத்தனை வருசமா இந்த ஊர்ல என் வார்த்தைக்குக் காக்காசு மதிப்பு கெடையாது ஏட்டையா. வாய்க்கா தகராறுக்குக்கூட என்னைக் கூப்புட மாட்டாக. இன்னைக்கு சர்க்காரே சைக்கிள்ல வந்து கேட்டு நிக்கு. அப்ப இருங்க, அவசரப்படாதீக. கொஞ்ச நேரம் கையில வச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.

அவன் அங்கன என்ன படிக்கப் போறான்னு உங்களுக்குத் தெரியுமா? வெடி! சிவகாசிப் பக்கத்துக்காரன் ஜப்பானுக்குப் போயி வெடி படிக்கானாம். இங்கன மூக்கைத் தொறந்தா கந்தகந்தான். அம்புட்டுக் கம்பெனி இருக்கு. விருதுநகர் காலேசுல கெமிஸ்ட்ரி வேற படிச்சாச்சு, அதுவும் பத்தலை. ஜப்பான்காரன் வானத்துல ஒரு வெடி விடுறானாம். மேல போயிப் பூ மாதிரி விரியுமாம், செவப்பா விரிஞ்சு பச்சையா மாறுமாம். அந்தக் கலரை எப்படிச் சேக்கான்னு பாத்துட்டு வரணுமாம். இங்கன வெம்பக்கோட்டைக்காரன், அச்சங்குளத்துக்காரன்னு கம்பெனி முதலாளிக எல்லாம் சேந்து செலவு பண்ணி அனுப்புறாக. நம்ம ஊர்ல சனம் வானத்தைப் பாக்குறது மளைக்கு. அதுல பூ விரிஞ்சா என்ன, புளியம்பிஞ்சு விரிஞ்சா என்ன?

ஒரு மாசமா அந்த வீட்ல நடக்குற கூத்தை நீங்க பாக்கணும். நான் பாக்குறதில்லை. சுவத்துல ஏறி எட்டிப் பாக்குற ஆளு இல்லை நான். நடுவுல ஒரு செங்கல் பேந்து கெடக்கு, அதுல தானாத் தெரியுது.

அங்கன குளிராம். பஞ்சு மாதிரி ஐஸ் கொட்டுமாம். அதுக்குக் கம்பளிக் கோட்டு. தைச்சது யாரு, சிவகாசி டெய்லர் சங்கிலிமுத்து. அவன் வாள்க்கையில கோட்டு தைச்சதில்லை, பேண்டு வாத்தியக்காரங்களுக்குச் சட்டை தைச்சவன். அந்த நெனப்புலயே வெட்டிட்டான். தோள்ல பட்டி, நெஞ்சுல ரெண்டு வரிசைப் பொத்தான். பய அதை மாட்டிக்கிட்டு, பளகணும்னு சித்திரை வெயில்ல முத்தத்துல நடக்கான். வேர்த்து ஊத்துது. கல்யாண ஊர்கோலத்துல கொளலு ஊதுறவன் கூட்டத்தை விட்டுட்டு வளி தப்பி வந்த மாதிரி இருக்கு.

சோறு திங்க ரெண்டு குச்சியாமே? கை எங்க போச்சு? கம்பெனில கம்பி மத்தாப்புக்குன்னு நறுக்கி வச்சிருப்பாகள்ல, மருந்து முக்காத கம்பி, அதுல ரெண்டை எடுத்து வச்சுக்கிட்டு மொச்சைப்பயறு பொறுக்குறான். ஒரு மொச்சை எந்திரிக்கும், வாய்கிட்ட வரும், டொப்புனு விளும். மறுபடி ஒண்ணு எந்திரிக்கும், விளும். காலைல ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் இதே பொளப்பு. அவன் தின்னானோ இல்லையோ, அந்த வீட்டுக் கோளியெல்லாம் பன்னி மாதிரி கொளுத்துப் போச்சு.

அந்த வீட்டுப் பொம்பளை வேற, வத்தலு, பொடி, ஊறுகாய்னு டின்னு டின்னா அடைச்சுக்கிட்டு இருக்கா. ஜப்பான்காரன் பச்சை மீனைத் திங்கான்னு யாரோ சொல்லிட்டாகளாம், அன்னையிலருந்து அடுப்பு அணையலை. எள்ளுப்பொடில பூண்டைத் தோலோட தட்டிப் போடுவா, அது வேற யாருக்கும் அந்தப் பக்குவத்துல வராது. எனக்கு எப்படித் தெரியும்னா? என்ன ஏட்டையா, சுவரு இருந்தா மூக்கு இல்லாமப் போயிருமா?

இதெல்லாங்கூடப் போகட்டும். குனியப் பளகுறான் பாருங்க, அதைத்தான் என்னால சகிக்க முடியலை. ஜப்பான்ல யாரைப் பாத்தாலும் குனிஞ்சுதான் கும்புடணுமாம். வேப்பமரத்தைப் பாத்துக் குனியுறான், கெணத்தைப் பாத்துக் குனியுறான், தண்ணி எடுக்க வந்த பிள்ளைக எல்லாம் வாயைப் பொத்திச் சிரிக்கு. குனிஞ்சு நிமிந்துட்டு, சரியா இருக்கான்னு பெத்தணனைப் பாத்துக் கேக்கான். பெத்தணனுக்கு என்ன தெரியும்? அவனைப் பாத்துத்தான் எல்லாரும் குனிஞ்சிருக்காக.

எனக்குத் தெரியும். நானும் ஜப்பான்காரன்கிட்ட படிச்சவந்தான் ஏட்டையா. சயாம் காட்டுல. எனக்குப் பாஸ்போர்ட்டு கேக்கலை, நல்லவனா கெட்டவனான்னு ஏட்டையா வந்து விசாரிக்கலை, கோட்டு தைக்கலை. லாரியைக் கொண்டாந்து நிறுத்துனான், ஏறுன்னான், ஏறுனோம். ரயில் தண்டவாளம் போடுறதுக்கு. விருதுநகர் நாகூர் கனி ராவுத்தருக்குப் பினாங்குல பலசரக்குக் கடை இருந்துச்சு, அங்கன சாமான் கட்டிக் குடுக்கத்தான் நான் கப்பலேறிப் போனது. சண்டை வந்து ஜப்பான்காரன் பினாங்கைப் பிடிச்சான், என்னையும் சேத்துப் பிடிச்சான். சயாம்ல காலைல எந்திரிச்ச ஒடனே அவனுக்குக் குனியணும். தலை கொஞ்சம் தூக்கியிருந்தா மூங்கிக் கம்பு வந்து சரி பண்ணும். அதுல படிச்ச குனியல் இன்னும் என் முதுகை விட்டுப் போகலை, பாக்கீகளா? இந்தப் பய அதைக் காசு குடுத்து, கோட்டு போட்டுக்கிட்டுப் படிக்கான்.

இருங்க, இன்னொண்ணு சொல்றேன். போன மாசம் மதராசுக்கு ஒரு ஜப்பான் ஆபீசர் வந்திருந்தான். போறவனை நேர்ல பாத்துத்தான் எடுப்பானாம். அதுக்கு முன்ன ஒரு நாள் இந்தப் பய என் வாசல்ல வந்து நிக்கான். பெரியப்பா, உள்ள வரலாமாங்கான். படியேறி வந்துட்டு என்னலே கேள்விங்கேன். உங்களுக்கு ஜப்பான் பேச்சு தெரியுமாமே, ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க, அவுக பேச்சுலயே பேசுனா சந்தோசப்படுவாகங்கான்.

எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் பேச்சு என்ன? எங்களைக் கூப்புட்ட பேச்சுதான். அதைச் சொன்னேன். பெரிய ஆளுகளைப் பாத்தா குர்ரான்னு சொல்லணும், அது வணக்கம். சொல்லிட்டு பகேரோன்னு சொல்லணும், அது நல்லாருக்கீகளான்னு கேக்குறது. பவ்யமா நின்னு அதை நாலஞ்சு வாட்டி சொல்லிப் பாத்துட்டு, என் கால் பக்கமா ஒரு குனி குனிஞ்சுட்டுப் போறான்.

நெசத்துல என்ன அர்த்தமா? முத வார்த்தை, ஏலே இங்க பாருலேன்னு நாயை வெரட்டுற மாதிரி. ரெண்டாவது, அறிவுகெட்ட முண்டமேன்னு. மெதுவா, மெதுவா, மோர் புரையேறிரும். நீங்க சிரிக்கீக. பய மதராசுல போயி, அந்தக் கொளலுக்காரன் கோட்டை மாட்டிக்கிட்டு, இடுப்பு ஒடியக் குனிஞ்சு, அம்புட்டுப் பெரிய ஆபீசரைப் பாத்து, ஏலே அறிவுகெட்ட முண்டமேன்னுட்டான். எம்புட்டு மரியாதையாச் சொல்லியிருப்பான்னு நெனச்சுப் பாருங்க!

அத்தோட கெட்டுச்சு, திரும்பி வந்துருவான்னு இருந்தேன். இல்லையே. அந்த ஆளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சாம். இதை யாருகிட்ட படிச்சேன்னு இங்கிலீசுல கேட்டானாம். எங்க பெரியப்பா, சயாம் ரயில் ரோட்டுல வேலை பாத்தவருன்னு இவன் சொல்லியிருக்கான். அந்த ஆளு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டானாம். பெறகு வேற ஒரு கேள்வி கேக்கலை, நீ வரலாம்னு சொல்லி அனுப்பிட்டானாம். என்னால கெடணும்னு நெனச்ச காரியம் என்னாலயே ஆயிப் போச்சு. அந்த எரிச்சலை யாருகிட்டப் போயிச் சொல்ல?

ஊருக்கு வந்தவன் நேரா இங்கனதான் வந்தான். சண்டைக்குத்தான் வாரான்னு நானும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நின்னேன். பெரியப்பா, நீங்க சொன்னது ரெண்டும் வசவாமேன்னு சொல்லிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கான். அந்த வீட்ல இதைப் பத்தி மூச்சு விடலை. உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டான். பெத்தணனுக்கு அந்தக் குணம் ஏது? அவனுக்கு வயித்து வலின்னாக்கூட சாவடில உக்காந்து சொல்லிக்கிட்டு இருப்பான்.

கட்சியா? எந்தக் கட்சிலயும் இல்லை. அவனுக்கு மயிரை வகிடு எடுக்கவே பொளுது பத்தலை, இதுல எங்கிட்டுப் போயிக் கொடி பிடிக்க? ஸ்ட்ரைக்கு, ஊர்வலம் எதுவும் கெடையாது. அடிதடியா? கோளி அறுக்கையில அங்கிட்டுத் திரும்பிக்கிற பய. குடி, சீட்டு, பொம்பளைச் சகவாசம் ஒண்ணும் கெடையாது. இருந்தா நான் விட்டுருவேனா ஏட்டையா? ஒரு குத்தம் அம்புடாதான்னு செங்கல் ஓட்டைக்குள்ள கண்ணு வச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

எதுக்குப் பேச்சுவார்த்தை இல்லைன்னு கேக்கீக. அதுவும் எளுதணுமா? எளுதுங்க. நெலத் தகராறு. கெளக்க போனீகன்னா வரிசையா செட்டு நிக்கும், தகரத்துல, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி. அது எங்க அய்யா வச்சுட்டுப் போன புஞ்சை. எனக்குப் பாதி உண்டு. நான் சயாம்ல கெடக்கையில எல்லாத்தையும் அவன் பேருக்கு மாத்திக்கிட்டு, கம்பு வெளைஞ்ச மண்ணுல மருந்தை அரைச்சுட்டான். வந்து கேட்டா, இந்த வீட்டுல பாதியும், மேக்க ரெண்டு துண்டு சரளைக்காடும் எடுத்துக்கோங்கான். எடுத்துக்கிட்டேன். சுவத்தை எளுப்புனேன். எல்லாருக்கும் தெரிஞ்ச வெவகாரந்தான், முன்சீப்பைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாரு.

பொறந்த ஊரா? இந்த ஊருதான். இந்த வீட்லதான், இந்தா, இந்த மரப்பெட்டி இருக்குற அறையில. அப்ப சுவரு கெடையாதுல்ல. இல்லை, நான் கிட்ட இல்லை, பினாங்குல இருந்தேன். காயிதம் வந்துச்சு, ஆம்பளைப் பிள்ளைன்னு. ராவுத்தர் கடைக்கு வந்து போனவுகளுக்கெல்லாம் கல்கண்டு குடுத்தேன். ராவுத்தர்கூட, கடையைக் காலி பண்ணிராத அப்பான்னாரு.

அப்பன் பேரு பெத்தணன். போடுங்க. என்ன, பேனா நின்னு போச்சு? மை தீந்துருச்சா? ஓகோ. டீக்கடையில எறங்கிட்டுத்தான் வந்தீகளோ? மாரித்தாய் கடைதான? அவ டீயில சீனி போட மறந்தாலும் மறப்பா, ஊர்ச்சேதியைப் போட மறக்க மாட்டா. என்னன்னு சொன்னா? பய பெத்தணனுக்குப் பொறந்தவன் இல்லைன்னு சொன்னாளாக்கும்.

அவ சொன்னது நெசந்தான் ஏட்டையா. நான் கப்பலேறையில செல்லத்தாயி மாசமா இருந்தா. ஆமா, செல்லத்தாயிதான், அந்த எள்ளுப்பொடிக்காரி. அப்ப என் பொண்டாட்டி. பினாங்குல குண்டு போட்டதுல ராவுத்தர் கடை எரிஞ்சு போச்சு, அந்நேரம் நான் சரக்கு எடுக்க வெளிய போயிருந்தேன். அங்கனருந்து தப்பிச்சுக் கப்பலேறி வந்த ஒரு ஆளு, கடைக்குள்ள இருந்த ஒருத்தனும் மிஞ்சலைன்னு சொல்லிட்டான். அவன் மேலயும் தப்பில்லை, அவன் பாத்தது அம்புட்டுத்தான். எங்க வகையறாவுல அறுத்துக் கட்டுறது உண்டு. கைப்பிள்ளைக்காரியை வேற வீட்டுக்கு அனுப்புவானேன், வீட்டுக்குள்ளயே ஒரு ஆம்பளை இருக்கானேன்னு பெரியவுக கூடிப் பேசி, தம்பியைக் கட்ட வச்சுட்டாக. சண்டை முடிஞ்சு நான் எலும்பும் தோலுமா வாசல்ல வந்து நிக்கேன். அவ வயித்துல அவன் பிள்ளை. இந்தப் பய தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னு என்னைப் பாக்கான், என் மூக்கை மூஞ்சில வச்சுக்கிட்டு. பெத்தணனைப் பாத்து, அய்யா, இது யாருங்கான்.

ஊர் கூடிருச்சு. எல்லாரும் என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்காக. அவ உள்ள போனவ வெளிய வரலை. நான் என்ன செய்ய? ரெண்டு பிள்ளையையும் அவளையும் மூணாக் கூறு போடவா? நான் உன் பெரியப்பன்டான்னேன். அத்தோட எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாக. பெறகு தம்பிகிட்ட ஏன் பேசலைன்னு கேட்டா, வெளிய சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல. நெலத்தைச் சொன்னேன்.

இப்ப நீங்க சொல்லுங்க. அப்பன் பேரு தப்புன்னு நான் சொன்னா என்னாகும்? காயிதத்தைத் திருப்பி அனுப்புவாகளா? மதுரை, மதராசுன்னு அலைய விட்டுருவாக. அதுக்குள்ள ஜப்பான்காரன் வேற ஆளை எடுத்துருவான். சரி, அப்ப நான் சொல்றதை எளுதுங்க. அப்பன் பேரு பெத்தணன். அளுத்தி எளுதுங்க. எங்க அய்யா என்ன நெனச்சு வச்சாரோ, அவன் பேருலயே பெத்தங்குறது இருக்கு. எனக்குக் கெடைச்சது மொக்கை. பய யோக்கியன், வம்பு தும்பு கெடையாது, இதைச் சொல்றது அவன் பெரியப்பன் மொக்கைச்சாமி, அந்த வீட்டுக்கு ஆகாதவன். போதுமா?

எனக்கு மனசு ஒப்பித்தான் சொல்றேன் ஏட்டையா, வேற ஒண்ணுமில்லை. நீங்க ஏன் அப்படிப் பாக்கீக? நான் செத்துட்டேன்னு சேதி வந்தப்ப அவனுக்கு ஒரு வயசு, தத்தி நடக்குற பருவம். மகன் மொறைக்கு அவன்தான இருந்தான்? அவனுக்கு மொட்டை போட்டு, யாரோ இடுப்புல வச்சுக்கிட்டு, கையைப் பிடிச்சு எள்ளும் தண்ணியும் எறைக்க வச்சாகளாம். தண்ணியைப் பாத்துட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சானாம். அதனால எனக்குச் செய்ய வேண்டியதை அவன் அப்பவே செஞ்சு முடிச்சுட்டான். நாளைக்கு நான் பொசுக்குனு போயிட்டாலும், அந்தப் பய கப்பலைப் பிடிச்சு ஓடி வர வேண்டியதில்லை. இருந்து நல்லாப் படிச்சுட்டே வரட்டும். எந்தப் பெருவெரலு? எடதுதான? இந்தாங்க, மையைத் தடவுங்க.